சேம்பர் கதவு

“அண்ணாச்சி, அய்யா உள்ள என்னதான் செய்தாவ?”

திருநெல்வேலிச் சீமையின் கோர்ட்டுகளில் ஸ்டெனோவாக வேலை பார்த்த காலத்தில், வராண்டாவில் என்னை நிறுத்தி அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான். கேட்பவர் வீரவநல்லூரிலிருந்தோ கடையத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பார். கோர்ட் ஹாலில் நீதிபதியின் மேடை காலியாக இருக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு கதவு, அதுவும் மூடியிருக்கும். வெள்ளை உடையும் குறுக்கே சிவப்புப் பட்டையுமாக டபேதார் அதன் பக்கத்தில் நிற்பார். நடவு வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அதைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். உள்ளே ஏதோ பேரம் நடக்கிறது என்று சிலர் நினைப்பார்கள். அய்யா தூங்குகிறார் என்றே சிலர் முடிவுகட்டிவிடுவார்கள்.

இரண்டும் இல்லை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. வழக்கு விசாரணை எல்லாரும் பார்க்கத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அப்படியிருக்க எதற்குச் சேம்பர் என்று ஒரு தனி அறை? எந்த வேலைக்கு அந்தக் கதவை மூட வேண்டும், எந்த வேலைக்கு மூடவே கூடாது என்று தெரிந்துகொண்டால் ஒரு நீதிபதியின் வேலை பாதி புரிந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு இதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பார்த்துவிடலாம். வயல், வரப்பு, வாடகை, பாகப்பிரிவினை என்றால் உரிமையியல் பக்கம். அதில் முன்சீப் கோர்ட், அதற்கு மேல் சப் கோர்ட், அதற்கு மேல் ஜில்லா கோர்ட். வழக்கின் மதிப்பைப் பார்த்து எங்கே தாக்கல் செய்வது என்று முடிவாகும். அடிதடி, திருட்டு, கொலை என்றால் குற்றவியல் பக்கம். ஜே.எம். என்று நாம் சொல்லும் நீதித்துறை நடுவர் 3 வருடம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம். சி.ஜே.எம். என்னும் தலைமை நீதித்துறை நடுவர் 7 வருடம் வரை கொடுக்கலாம். அமர்வு நீதிபதி சட்டத்தில் உள்ள எந்தத் தண்டனையையும் கொடுக்கலாம், தூக்கு என்றால் மட்டும் ஹைகோர்ட் உறுதி செய்தாக வேண்டும். மாவட்ட நீதிபதியும் அமர்வு நீதிபதியும் ஒரே ஆள்தான். சில தாலுகா ஊர்களில் முன்சீப்பும் ஜே.எம்.மும்கூட ஒரே ஆள். பொழிக்கரையில் நிற்கும் பனை யாருக்குச் சொந்தம் என்று காலையில் விசாரித்தவர், சாயங்காலம் சங்கிலி பறித்த பையனின் ரிமாண்டை, அதாவது அவனைக் காவலில் வைப்பதா என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வெள்ளைக்காரன் காலத்தில் இன்னும் குழப்பம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்ட ஆஷ், திருநெல்வேலியின் கலெக்டர் மட்டுமல்ல, மாவட்ட மாஜிஸ்திரேட்டும் அவர்தான். வரி வாங்குகிறவர் கையிலேயே குற்ற விசாரணை அதிகாரமும் இருந்தது. நீதித்துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 50-வது பிரிவு சொன்னது. 1974 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் நீதித்துறை நடுவர்களைத் தனியாகப் பிரித்து ஹைகோர்ட்டின் கீழ் நிறுத்தியது. தாசில்தாரும் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வும் இன்றும் நிர்வாக நடுவர்கள்தான். ஊரில் பதற்றம் என்றால் தடை உத்தரவு போடலாம், அமைதி காக்கச் சொல்லிப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கலாம். ஒருவரைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுத அவர்களால் முடியாது.

ஹைகோர்ட்டின் கீழ் என்றால் என்ன என்பதையும் பலர் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். மாறுதல், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் 235-வது பிரிவின்படி ஹைகோர்ட் கையில்தான் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கில் இப்படித் தீர்ப்பு எழுது என்று சென்னையிலிருந்தோ மதுரைக் கிளையிலிருந்தோ ஒருவரும் அம்பாசமுத்திரம் முன்சீப்புக்குச் சொல்ல முடியாது. மேல்முறையீட்டில் அவர் தீர்ப்பை மாற்றலாம், ரத்து செய்யலாம். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வர முடியாது. நம் ஊர் வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலி கூடுதல் அமர்வு நீதிபதி பின்ஹே, வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் ஹைகோர்ட் அதை வெகுவாகக் குறைத்தது. அடிமை நாட்டில்கூட அந்த ஏணிப்படி இருந்தது. வக்கீல் தொழில் செய்யும் உரிமையை இழந்த வ.உ.சி.க்கு அது திரும்பக் கிடைக்க உதவியவரும் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதிதான். அந்த நன்றிக்குத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

அந்த நாற்காலிக்கு யார் வரலாம்? உரிமையியல் நீதிபதி பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது, ஹைகோர்ட்டும் அதில் சேர்ந்தே தேர்ந்தெடுக்கிறது. தேர்வு எழுத 3 வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது. வக்கீல்களிலிருந்து நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக 7 வருட அனுபவம் வேண்டும். தகுதி பார்த்து ஆளை உட்கார வைப்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1,200 வருடத்துக்கு முந்தைய மானூர்க் கோயில் கல்வெட்டு, சபையில் உட்காரத் தேவையான நிலம், படிப்பு, ஒழுக்கம் எல்லாவற்றையும் விதித்ததோடு, எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பவருக்கு 5 காசு தண்டமும் வைத்திருக்கிறது. ஆனால் அது பிராமணர்கள் மட்டுமே உட்கார்ந்த சபை. இன்று முக்கூடலில் பீடி சுற்றும் வீட்டுப் பெண்ணும் தேர்வெழுதி அந்த மேடையில் உட்காரலாம். கடனா நதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரில் பிறந்த ரத்னவேல் பாண்டியன் உச்ச நீதிமன்றம் வரை போனார். பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீடு பற்றிய மண்டல் வழக்கில் 1992-இல் தீர்ப்புச் சொன்ன 9 நீதிபதிகளில் அவரும் ஒருவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சரி, கதவுக்கு வருவோம்.

உள்ளே என்ன இருக்கும்? ஒரு மேஜை, சட்டப் புத்தகங்கள், இரண்டு மூன்று நாற்காலி, பக்கவாட்டில் டேப் கட்டி அடுக்கிய கேஸ் கட்டுகள். மேடை ஏறுவதற்கு முன்னால் அன்றைய பட்டியலில் இருக்கும் கட்டுகளைப் புரட்டியாக வேண்டும். ஜாமீன் மனு, இடைக்கால மனு, கையெழுத்துப் போட வேண்டிய வாரண்டு, கோர்ட் அலுவலகத்தின் தலைமை அலுவலரான சிரஸ்தார் கொண்டுவரும் கோப்பு என்று ஒவ்வொன்றாக வரும். மாவட்ட நீதிபதி என்றால் கீழ்க் கோர்ட்டுகளை ஆய்வு செய்ய வேண்டும், பாளையங்கோட்டை மத்தியச் சிறையைப் பார்க்கப் போக வேண்டும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தலைவராக இருந்து லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தையும் நடத்த வேண்டும். இதெல்லாம் வேலைதான். ஆனால் இதற்கெல்லாம் கதவை மூட வேண்டிய அவசியம் இல்லை. தீர்ப்பு எழுதுவதற்குத்தான் மூடியாக வேண்டும்.

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு வயல்கள். மேல் வயலுக்காரர் ஒருவர், கீழ் வயலுக்காரர் அவர் சித்தப்பா மகன். மேல் வயல் வழியாகக் கீழ் வயலுக்குத் தண்ணீர் போகும் ஓடையை மேல் வயலுக்காரர் மண் போட்டு மூடிவிட்டார். அங்கே ஓடையே இருந்ததில்லை என்பது அவர் கட்சி. இடத்தைப் பார்த்துவரக் கோர்ட் நியமித்து, கமிஷனராகப் போன வக்கீல் சர்வேயரோடு வரப்பில் நடந்து பார்த்து அறிக்கையும் வரைபடமும் கொடுத்திருந்தார். வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்தாகிவிட்டது.

மாலையில் அய்யா கூப்பிட்டார். நோட்டை விரித்து உட்கார்ந்தேன். வாதியின் கட்சி, பிரதிவாதியின் கட்சி, கோர்ட் விடை சொல்ல வேண்டிய கேள்விகளான எழுவினாக்கள் எல்லாம் தடையில்லாமல் வந்தன. முதல் எழுவினாவுக்கு விடை சொல்லும் இடத்தில், கீழ் வயலுக்காரர் ஓடையை நிரூபிக்கவில்லை என்று முடியப்போகிற போக்கில் சொல்லிக்கொண்டே வந்தார். இடையில் பி.சா.2, அதாவது பிரதிவாதி தரப்பு இரண்டாம் சாட்சியின் குறுக்கு விசாரணையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டைத் திருப்பினார். பக்கத்து வயல்காரரான அந்தச் சாட்சி, பிரதிவாதி தரப்பிலேயே வந்தவர், போகிறபோக்கில் ஒன்றைச் சொல்லியிருந்தார். பிசானம் என்னும் நெல் சாகுபடிப் பருவத்தில் மேல் வயலில் அறுப்பு தள்ளிப்போனால் கீழ் வயலுக்காரர் வந்து சத்தம் போடுவார் என்று. எதற்குச் சத்தம் போட வேண்டும்? மேல் வயல் வழியாகத் தண்ணீர் வந்தால்தானே அங்கே அறுப்பு எப்போது என்பது கீழ் வயலுக்காரருக்கு ஒரு பொருட்டு?

அய்யா பேச்சை நிறுத்தினார். கமிஷனரின் வரைபடத்தை மேஜையில் விரித்து இரண்டு முனையிலும் புத்தகத்தை வைத்தார். ஓடை இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தின் மேல் விரலை வைத்து, மடையிலிருந்து கீழ் வயல் வரைக்கும் மெதுவாக இழுத்தார். சர்வேயர் குறித்திருந்த மட்டங்களையும் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “நாளைக்குப் பார்க்கலாம், இதை அடிச்சிருங்க” என்றார். மறுநாள் முதல் எழுவினாவிலிருந்து புதிதாகச் சொன்னார். தீர்ப்பு கீழ் வயலுக்காரர் பக்கம் போனது.

அந்தக் கதவு மூடியிருந்ததால்தான் அது நடந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மனிதர் ஒருவர் முதலில் ஒன்று நினைத்து, ஆதாரத்தைத் திரும்பப் பார்த்து, அந்த நினைப்பைக் கைவிட வேண்டும். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது நடப்பது கடினம். பாதி நினைப்பு வெளியே தெரிந்துவிட்டால் அதைக் காப்பாற்றத் தோன்றும். மேடையில் இருக்கும்போது நல்ல நீதிபதிகள் முகத்தில் ஒன்றையும் காட்டாததும் இதனால்தான்.

அந்த அடித்த பக்கம் என் நோட்டில் இருந்தது, சரியான பக்கமும் இருந்தது. தீர்ப்பை மேடையில் வாசிக்கும் வரைக்கும் அது அய்யாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. டீக்கடையில் இரண்டு தரப்பு ஆட்களும் பக்கத்தில் நிற்பார்கள். ஒருவர் பிள்ளைகள் நலம் விசாரிப்பார், இன்னொருவர் டீக்குக் காசு கொடுக்கப் பார்ப்பார். ஸ்டெனோ என்றால் வாயைத் திறக்கக் கூடாது, காசையும் வாங்கக் கூடாது. எங்கள் வேலையில் சுருக்கெழுத்து வேகத்தைவிட இதுதான் பெரிய தகுதி. சிவில் வழக்கில் வாதம் முடிந்து 30 நாளுக்குள், மிஞ்சிப்போனால் 60 நாளுக்குள் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்று சட்டம் சொல்வதிலும் ஒரு நன்மை உண்டு. அந்த ரகசியத்தின் ஆயுள் குறையும்.

எழுதுவது உள்ளே என்றாலும் சொல்வது வெளியே. கையெழுத்தும் தேதியும் திறந்த கோர்ட்டில்தான். ஏன் இந்த முடிவு என்பதற்குக் காரணம் தீர்ப்பிலேயே இருக்க வேண்டும். தோற்றவர் அதை வாங்கிப் படித்து மேலே போக வேண்டும் அல்லவா?

இன்னொரு வகை வேலைக்கும் கதவு மூட வேண்டும். அதில் பயந்துபோன ஒருவரைக் காப்பாற்ற மூடுகிறோம்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அதை நடுவர்தான் பதிவு செய்ய வேண்டும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. அழைத்துவந்த போலீஸ்காரர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போக வேண்டும். நீ சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படும் என்று நடுவர் அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அவரைத் திரும்பப் போலீஸ் கஸ்டடிக்கு அனுப்பக் கூடாது. இத்தனை காவல் இருந்தும், பேச வந்தவர் கதவுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருக்கிறேன். “யாரும் இல்ல, என்னைப் பாத்துப் பேசுங்க” என்று நடுவர் சொல்வார்.

ஹைகிரவுண்ட் என்று நாங்கள் சொல்லும் பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் சேம்பர் என்பது ஒரு துணித் திரை. மரண வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தால் எந்த நேரமானாலும் நடுவர் கிளம்ப வேண்டும். புருஷன், மாமியார், தாய், தகப்பன், போலீஸ் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். சுயநினைவோடு இருக்கிறாரா என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். நான் கூடப் போனது உண்டு, ஆனால் திரைக்கு இந்தப் பக்கம்தான் நிற்பேன். நடுவரே கைப்பட எழுதுவார். பேர் என்ன, எந்த ஊர், இது என்ன இடம், நான் யாரென்று தெரிகிறதா என்று நிதானமாகக் கேட்டுவிட்டு, கடைசியாகத்தான் என்ன நடந்தது என்று கேட்பார். சொன்னதை வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்க வேண்டும். கை முழுக்க வெந்திருந்தால் கால் பெருவிரலில் மை தடவி வாங்குவார்கள். அந்தப் பெண் பிழைக்காமல் போனால் அவர் பக்கத்தில் பேச அந்த ஒரு தாள்தான் இருக்கும். சின்ன வயது நடுவர்கள் சிலர் அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, ஜீப்பில் திரும்பும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். நாங்களும் பேச மாட்டோம்.

இப்போது மூடக் கூடாத இடம்.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். ராத்திரியானால் நடுவர் வீட்டுக்கே கொண்டுவருவார்கள். போர்ட்டிகோவில் விளக்கைப் போட்டுவிட்டு நடுவர் வெளியே வருவார். ஒரு பக்கம் ரிமாண்டு அறிக்கையோடு எஸ்.ஐ., நடுவில் கைதானவர். கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். ஆனால் அங்கே நடக்க வேண்டியது கையெழுத்து அல்ல. நடுவர் அந்த ஆளை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். அடித்தார்களா என்று கேட்க வேண்டும். நொண்டுகிறாரா, சட்டையில் ரத்தம் இருக்கிறதா, உட்கார முடியாமல் நிற்கிறாரா என்று கவனிக்க வேண்டும். வீட்டாருக்குத் தகவல் போனதா, வக்கீல் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியம்தானா என்றே பார்த்தாக வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் பார்த்ததில் ஒரு அம்மா, கைதானவரைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து முதுகைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார்கள். வந்த போலீஸ்காரர்களுக்கு அது பிடிக்காது. அந்த அம்மா அதைப் பொருட்படுத்தியதே இல்லை.

அந்தப் பார்வை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தெரிந்தது. போலீஸ் பிடித்துவைத்திருந்த கடைக்காரர் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ரிமாண்டு செய்தபோது நடுவர் அவர்களை முறையாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போன இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அதே சம்பவத்தில்தான் நடுவர் பதவியின் மறு பக்கத்தையும் பார்த்தோம். மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர், காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லாத நிலையிலும் பெண் தலைமைக் காவலர் ஒருவரின் சாட்சியத்தைப் பதிவு செய்தார். அங்கே நடந்ததை அப்படியே ஹைகோர்ட்டுக்கு அறிக்கையாக அனுப்பினார். ஹைகோர்ட் அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. நீதித்துறையின் கீழ்ப்படியில் இருக்கும் அதே பதவிதான் இரண்டு இடத்திலும். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதியைவிட நம் தாலுகா ஜே.எம். நம் உயிருக்கு நெருக்கமானவர் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

மூடிய அறைக்குள் நடக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. நடப்பில் இருக்கும் வழக்கைப் பற்றி ஒரு தரப்பு வக்கீல் மட்டும் நீதிபதியிடம் தனியாகப் பேசக் கூடாது. பார் கவுன்சில் விதியிலேயே அது இருக்கிறது. அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமா, எதிர்த்தரப்பு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போ. சும்மா பொங்கல் வாழ்த்துச் சொல்லத்தான் போனேன் என்றாலும், வெளியே நிற்கும் கட்சிக்காரர் கண்ணுக்கு அது வாழ்த்தாகத் தெரியாது. நான் பார்த்த நல்ல நீதிபதிகள் ஊர்க் கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், கோயில் கொடை விழாவுக்குப் பத்திரிகை வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வதோடு சரி. மூன்று வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டு, எந்த ஊரிலும் ஒட்டாமல் வாழ்வது லேசான காரியமில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு அதைவிடக் கஷ்டம்.

கடைசியாக ஒன்று. பாலியல் வழக்கில் வரும் குழந்தையின் சாட்சியத்தைக் கதவை மூடித்தான் பதிவு செய்ய வேண்டும், குற்றவாளி எனப்படுபவரின் பார்வையே குழந்தை மேல் படக் கூடாது என்று 2012-ஆம் வருடப் போக்சோ சட்டம் சொல்கிறது. பயந்த நிலையில் இருக்கும் சாட்சிகளுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் தனி சாட்சிய மையம் வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மாவட்டத் தலைநகரில் இது நடக்கும். ஆனால் அந்தக் குழந்தையிடம் முதல் வாக்குமூலம் வாங்குவது பெரும்பாலும் தாலுகா நடுவர்தான். நான் வேலை பார்த்த ஒரு தாலுகா கோர்ட்டில் சேம்பருக்குள் போக கோர்ட் ஹால் ஒன்றுதான் வழி. பச்சைப் பாவாடை போட்ட ஒரு பிள்ளை, தன் பாட்டியின் முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு வராண்டா பெஞ்சில் காத்திருந்தது. எதிர் பெஞ்சில் குற்றம் சாட்டப்பட்ட ஆளின் அண்ணன் தம்பிகள். உள்ளே நடுவர் அம்மா மேடையை விட்டு இறங்கி, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தப் பிள்ளையிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே தொடங்கினார்கள். அவர்கள் செய்ய முடிந்ததெல்லாம் செய்தார்கள். வராண்டாவில் கழிந்த நேரத்தை மட்டும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் பக்கத்தில் அடுத்து எந்த ஊரில் புதுக் கோர்ட் கட்ட வரைபடம் போட்டாலும், வக்கீல் சங்கத்துக்காரர்கள் வண்டி நிறுத்த இடம் கேட்பதற்கு முன்னால் இதற்கு ஒரு அறை கேட்க வேண்டும். குழந்தையும் கூட வரும் பெண்ணும் உட்கார இடம், அதற்குள்ளேயே ஒரு கழிப்பறை, ஹாலுக்குள் நுழையாமல் நேராகச் சேம்பருக்குப் போக வழி. அந்த அறையின் வாசல் போலீஸ் வேன் வந்து நிற்கும் பக்கம் இருக்கக் கூடாது.